இரு மொழிகள், ஒரு வேலை



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்குக் கிராணி என்பவர் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலேயர் தோட்டங்களை நடத்திய நாளில் கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பால்வெட்டிவிட்டு வந்து நிற்கும் நம் மக்களின் பேச்சோ தமிழில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிராணி நின்றார். துரை ஒரு காட்டை அதன் எண்ணைச் சொல்லிக் குறிப்பிடுவார். நம் மக்கள் அதே காட்டைக் கோயிலடிக் காடு என்பார்கள். இந்த எண்ணும் அந்தப் பெயரும் ஒரே காட்டைத்தான் குறிக்கின்றன என்பது கிராணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒரு வரி தவறாக எழுதிவிட்டால், மாதக் கடைசியில் யாரோ ஒருவருடைய சம்பளம் குறையும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினியைப் பற்றியது. கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட கிராணி ஒருவர் உண்டு. இரண்டு வெவ்வேறு நிரல்மொழிகளில் எழுதிய வேலைகளை ஒன்றாக இணைப்பவர் அவர். இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் கணினி படிக்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் படிப்பது என்ன, அதில் கவனம் எங்கே தேவை என்று பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், நிரல் என்றால் என்ன? ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கணினிக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகளே நிரல். அந்தக் கட்டளைகளை எழுதப் பயன்படும் மொழி நிரல்மொழி. இவற்றில் மூன்றை மட்டும் இன்று பார்ப்போம். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஒரு குழு உருவாக்கி 1957-இல் வெளியிட்டது ஃபோர்ட்ரான் மொழி. கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த மொழி அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியது சி மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்டது பைத்தன் மொழி. பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்ளக்கூடியது என்று பல பள்ளிகளில் இன்று சொல்லிக் கொடுப்பது இந்தப் பைத்தனைத்தான்.

பைத்தன் எளிது என்றால் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடலாமே, எதற்காக இரண்டு மொழிகள் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று வேகம். பெருங்கணக்குகளைப் பைத்தன் மெதுவாகச் செய்யும். சியும் ஃபோர்ட்ரானும் விரைவாகச் செய்யும். மற்றொன்று, முன்னோர் உழைப்பு. லாபேக் என்று ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது. 1992-இல் வெளிவந்தது, ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. பல சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்பது அதன் வேலைகளுள் ஒன்று. கணித அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் செப்பனிட்ட வேலை அது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினால், அவர்கள் களைந்த பிழைகளை நாம் மறுபடியும் விதைப்போம். ஆகவேதான் பைத்தனில் கணக்குச் செய்வோர் பயன்படுத்தும் நம்பை என்னும் தொகுப்பு, சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் திரைக்குப் பின்னால் லாபேக்கை அழைக்கிறது. எழுதும் மாணவனுக்குத் தெரிவது பைத்தன் மட்டுமே. விடை வருவதோ பழைய உழைப்பிலிருந்து.

மொழிகள் வேறாக இருக்கும்போது இந்த உறவு எப்படி முடிகிறது? கணினியின் மூளையாகிய செயலிக்கு ஃபோர்ட்ரானும் தெரியாது, சியும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளே. எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் அந்தக் குறிகளாக மாறித்தான் வேலை நடக்கிறது. ஆகவே அடித்தளம் பொதுவானது. அதற்கு மேல் ஒரு பொதுமொழியும் உண்டு. நம் ஊர்ச் சந்தையில் சீனக் கடைக்காரரும் தமிழ் அம்மாவும் எந்த மொழியில் பேரம் பேசுகிறார்கள்? மலாயில்தான். அதுபோல நிரல்மொழிகளின் சந்தையில் சி மொழியே பொதுமொழி. பெரும்பாலானோர் பயன்படுத்தும் பைத்தனும் சி மொழியில் எழுதப்பட்டதுதான். பைத்தனும் ஃபோர்ட்ரானும் சந்திக்கும்போது, சி மொழியின் வழக்கப்படி கைகுலுக்கிக்கொள்கின்றன.

ஆனால் ஒன்றை நாம் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எல்லை தாண்டிப் போவது குறிகள் மட்டுமே. அவற்றின் பொருள் கூடவே போவதில்லை. 1.0 என்னும் தசம எண்ணைக் கணினி நான்கு பைட் இடத்தில் எழுதி வைக்கிறது என்று கொள்வோம். அதே நான்கு பைட்டை மற்றொரு நிரல் முழு எண் என்று நினைத்துப் படித்தால் என்ன வரும் தெரியுமா? 1,065,353,216. நூற்றாறு கோடிக்கும் மேல்! குறிகளில் ஒன்றுகூட மாறவில்லை. படித்தவர் வேறு விதமாகப் படித்தார், அவ்வளவுதான். ஆகவே எல்லையில் இருபுறத்தாரும் சில உடன்பாடுகள் செய்துகொள்ள வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் உடன்பாடு, பெயர். ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டைச் செயற்கூறு என்கிறோம். ஃபோர்ட்ரானில் நாம் ஒரு செயற்கூற்றுக்குக் கூலி என்று பெயர் வைத்தால், பல ஃபோர்ட்ரான் மொழிமாற்றிகள் அந்தப் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து எழுதி வைக்கும். சி மொழி நிரல் வெறும் கூலி என்று கூப்பிட்டால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். கோயிலடிக் காட்டுக்கு ஓர் எண் இருந்ததே, அதே கதைதான். இந்தத் தொல்லை தீர, 2003-ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் விதிமுறையிலேயே சி மொழியோடு பெயரைப் பொருத்திக்கொள்ள ஒரு வழி சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, பொருளைக் கொடுக்கும் முறை. சி மொழி ஓர் எண்ணைக் கொடுக்கும்போது பொதுவாக அந்த எண்ணையே கையில் கொடுக்கும். ஃபோர்ட்ரானோ, அந்த எண் வைக்கப்பட்டுள்ள இடத்தைக் கொடுப்பதே வழக்கம். ஒருவர் ஐந்து வெள்ளியைக் கையில் கொடுக்கிறார். வாங்குபவரோ, ஐந்தாம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார். யாருடைய பெட்டியையோ அவர் திறப்பார் அல்லவா? கணினியில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிற்பது நல்லது. பிழை இருப்பது தெரிந்துவிடுகிறதே!

மூன்றாவது, அடுக்கும் வரிசை. இங்கே நிரல் நிற்காது. அதுதான் ஆபத்து. இதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். நேயர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

பால் நிறுக்கும் இடத்தில் இரண்டு பேருடைய மூன்று நாள் கணக்கு இருக்கிறது. முதல் ஆள் 20, 22, 25 கிலோ. இரண்டாம் ஆள் 30, 31, 28 கிலோ. முதல் ஆளின் மொத்தம் 67. இரண்டாம் ஆளின் மொத்தம் 89. இருவருக்கும் சேர்த்து 156. கணினியின் நினைவகம் ஒரே நீள வரிசை. ஆகவே இந்த அட்டவணையை அதில் ஒரே கோடாக எழுத வேண்டும். சி மொழி ஆள்வாரியாக, அதாவது கிடைவரிசையாக எழுதும்: 20, 22, 25, 30, 31, 28. ஃபோர்ட்ரானோ எப்போதும் நெடுவரிசையாகப் படிக்கும். அது முதல் இரண்டு எண்களை முதல் நாள் கணக்கு என்றும், அடுத்த இரண்டை இரண்டாம் நாள் என்றும், கடைசி இரண்டை மூன்றாம் நாள் என்றும் எடுத்துக்கொள்ளும். இப்பொழுது முதல் ஆளுக்கு 20, 25, 31. மொத்தம் 76. இரண்டாம் ஆளுக்கு 22, 30, 28. மொத்தம் 80.

பார்த்தீர்களா? இரண்டாம் ஆள் ஒன்பது கிலோவை இழந்துவிட்டார். அது முதல் ஆளின் கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் 76-ஐயும் 80-ஐயும் கூட்டிப் பாருங்கள். அதே 156! மொத்தக் கணக்கைப் பார்த்த மேலாளர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். கணினி ஒரு சத்தமும் போடாது. கூலி குறைந்தவர் வந்து கேட்டாலும், கணினி சொல்வது பொய்யாகுமா என்ற பதில்தான் கிடைக்கும்.

நான்காவது, எண்ணின் வகையும் அளவும். பைத்தனில் ஒரு முழு எண் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். சி மொழியின் வழக்கமான முழு எண்ணுக்கோ 2,147,483,647 என்பதே எல்லை. பைத்தனிலிருந்து சி மொழியை அழைக்கச் சிடைப்ஸ் என்று ஒரு கருவி உண்டு. அதில் சாதாரண சி முழு எண்ணுக்கான இடத்தில் அந்த எல்லையைவிட ஒன்று கூடுதலான எண்ணை வைத்தால், அது எச்சரிக்காது. எண் கழித்தல் குறியோடு கீழ்க்கோடிக்குப் போய்விடும். அதே கருவியில், திரும்பி வரும் விடை எந்த வகை எண் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், அது முழு எண் என்றே வைத்துக்கொள்ளும். இரண்டின் வர்க்கமூலம் 1.414 என்று வர வேண்டிய இடத்தில், தொடர்பே இல்லாத ஓர் எண் வந்து நிற்கும்.

ஐந்தாவது, எழுத்துகள். நம் தமிழிலேயே பார்ப்போம். அம்மா என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். பைத்தனைக் கேட்டால் ஐந்து என்கிறது. மெய்யின் புள்ளியையும் காலையும் அது தனித்தனியே எண்ணுகிறது. இன்று பரவலாக உள்ள யு.டி.எஃப்.-8 முறையில் அதே சொல்லைச் சி மொழியிடம் கொடுத்தால் பதினைந்து என்கிறது. அது பைட்டுகளை எண்ணுகிறது; அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பெயருக்குப் பத்து இடம் போதும் என்று ஒருவர் ஒதுக்கி, மற்றவர் பைட் கணக்கில் நிரப்பினால், அம்மாவே பாதியில் அறுபட்டுப் போவாள்.

ஆறாவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. கல்யாணத்திற்குக் கோயிலிலிருந்து அண்டா குண்டா வாங்குகிறோம். மாப்பிள்ளை வீட்டார் திருப்பிக் கொடுப்பார்கள் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் கொடுப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும் இருந்துவிட்டால், அடுத்த கல்யாணத்திற்குப் பாத்திரம் இருக்காது. நினைவகத்திலும் அப்படித்தான். பைத்தன் தான் எடுத்த இடத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிடும். சி மொழியில் நிரலர் சொன்னால்தான் திரும்பும். யாரும் திருப்பாவிட்டால் இடம் தீர்ந்துவிடும். இருவருமே திருப்பினால் நிரல் குலைந்துவிடும். எந்தப் பக்கம் எடுத்ததோ அந்தப் பக்கமே திருப்பட்டும் என்பது நல்ல விதி.

ஏழாவது, கெட்ட செய்தியைச் சொல்லும் முறை. லாபேக்கிடம் தீர்வே இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்தால், அது நின்று கத்தாது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அமைதியாகத் திரும்பிவிடும். சுழி என்றால் வேலை முடிந்தது. வேறு எண் என்றால் முடியவில்லை. நம்பை அந்த எண்ணைத் தவறாமல் பார்த்து, பைத்தன் புரிந்துகொள்ளும் பிழைச் செய்தியாக மாற்றுகிறது. அந்த எண்ணைப் பார்க்காத சோம்பேறிக் கிராணியாக இருந்தால், தீர்க்கப்படாத கணக்கின் மிச்சத்தையே விடை என்று கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இவ்வளவு சிறிய கவனக்குறைவால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றி வந்து அதன் தட்பவெப்பத்தை ஆராய, அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் ஒரு விண்கலத்தை அனுப்பியது. விண்கலத்தின் சிறு உந்துதல்களைத் தரையிலிருந்த ஒரு நிரல் கணக்கிட்டது. அந்தக் கணக்கை வைத்து மற்றொரு நிரல் பாதையை அறிந்தது. முதல் நிரல் பழைய ஆங்கில முறைப்படி, ராத்தல் அளவில் விடை எழுதியது. இரண்டாவது நிரல் அதை மெட்ரிக் முறையின் நியூட்டன் அளவு என்று படித்தது. ஒன்று மற்றதைப்போல் 4.45 மடங்கு. ஒன்பது மாதப் பயணத்திற்குப் பிறகு, 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் விண்கலம் செவ்வாயை அடைந்தது. ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டியது, 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. அதன் பிறகு அதனிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை.

அங்கே சிக்கியவை இரண்டு நிரல்கள்; இரண்டு நிரல்மொழிகள்தாம் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லையில் எண் மட்டும் போயிற்று, அதன் பொருள் போகவில்லை என்ற பிழை ஒன்றுதான். நாம் மறக்கக் கூடாத செய்தி இன்னும் ஒன்று உண்டு. மெட்ரிக் அளவே வேண்டும் என்று உடன்பாட்டில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். எழுதியபடி நடக்கிறதா என்று யாரும் முழுமையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆகவே சோதனை வேண்டும். எப்படிச் சோதிப்பது? விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கை எல்லையைத் தாண்டி அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். அட்டவணையைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. முதல் வரிசையில் 11, 12, 13 என்றும் இரண்டாம் வரிசையில் 21, 22, 23 என்றும் எழுதுங்கள். பத்தாம் இடத்து இலக்கம் வரிசையைச் சொல்லும். ஒன்றாம் இடத்து இலக்கம் நிரையைச் சொல்லும். மறுபுறம் முதல் வரிசை 11, 13, 22 என்று தெரிந்தால், வரிசை குழம்பிவிட்டது என்று அந்த எண்களே காட்டிக்கொடுக்கும். எல்லா இடத்திலும் ஒன்று, ஒன்று என்று போட்டுச் சோதிப்பதில் பயனில்லை. அது குழம்பினாலும் ஒன்றாகவே தெரியும்.

இன்னும் இரண்டு அறிவுரைகள். முதலாவது, எல்லையைத் தாண்டும் வேலையை நிரல் முழுதும் சிதறவிடக் கூடாது. ஒரே இடத்தில் ஒரு சிறிய இணைப்பு நிரலை வைத்து, எல்லாம் அதன் வழியே போகட்டும். ஒரு தோட்டத்திற்குப் பத்துப் பேர் தனித்தனியே கணக்கு எழுதினால் என்ன ஆகும்? ஃபோர்ட்ரானுக்கும் பைத்தனுக்கும் நடுவே இத்தகைய இணைப்பைத் தானே எழுதித் தரும் எஃப்-டு-பை போன்ற கருவிகளும் உள்ளன. அவை எழுதித் தந்தாலும் சோதிப்பது நம் பொறுப்பே.

இரண்டாவது, அடிக்கடி எல்லை தாண்டக் கூடாது. ஒவ்வொரு மங்கிலும் உள்ள பாலைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பவர் யாராவது உண்டா? வாளியில் சேர்த்து, நிறைந்த பிறகுதான் தூக்குகிறோம். அதுபோல, பத்தாயிரம் எண்களைப் பத்தாயிரம் முறை அனுப்பாமல், ஒரே அட்டவணையாக ஒரே முறை அனுப்ப வேண்டும். இல்லையேல், வேகத்துக்காகத் தேடிப் போன மொழியால் கிடைத்த வேகம் முழுதும் வழிநடையிலேயே போய்விடும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை கணினியின் முன் அமர்ந்து, விடை வந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லும்போது, ஒரு கேள்வி கேளுங்கள். கணினி தெரியாதவர்களும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. "சரியான விடை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். தாளில் ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாளை அந்தப் பிள்ளை எழுதும் நிரல் ஒரு தொழிற்சாலையின் கூலிக் கணக்கைப் போடலாம். மருத்துவமனையில் மருந்தின் அளவைச் சொல்லலாம். அப்பொழுது எல்லையில் நிற்கப் போகும் கிராணி நம் பிள்ளைதான். அந்தக் கணக்கில் யாருடைய ஒன்பது கிலோவும் காணாமல் போகக் கூடாது.